உழவர் வீட்டு மொழியில் ஒரு பாவலர்

ஆண்டின் இறுதி நாள் நள்ளிரவில், மணி 12 அடித்ததும், உலகின் பல நகரங்களில் மக்கள் வட்டமாகக் கைகோத்து நின்று ஒரு பாடலைப் பாடுவர். 'ஆல்டு லாங் சைன்' என்பது அதன் பெயர். அப்பாடலின் சொற்களை நீங்கள் கேட்டிராவிட்டாலும் அதன் மெட்டு உங்களுக்குப் பழகியதாக இருக்கலாம். டேராடூனில் உள்ள இந்திய இராணுவப் பயிற்சிக் கழகத்தில் பயிற்சியை முடித்த இளைஞர்கள், அணிவகுப்பின் இறுதியில் மெதுநடையாகப் படியேறிச் செல்லும்போது இசைக்குழு வாசிப்பது அம்மெட்டையே. வங்கக் கவிஞர் இரவீந்திரநாத் தாகூர், பழைய நாள்களின் நட்பை நினைவுகூரும் தம் பாடல் ஒன்றை அதே மெட்டைத் தழுவி அமைத்தார். கொல்கத்தாவில் படிக்கும் மாணவர்கள் அவ்வங்கப் பாடலைப் பாடியும் இருப்பர்.

'ஆல்டு லாங் சைன்' என்னும் சொற்கள் ஆங்கிலம் அல்ல. ஸ்காட்ஸ் என்னும் மொழியைச் சேர்ந்தவை. 'நெடுநாள்களுக்கு முன்பு' என்பது அவற்றின் பொருள். அப்பாடலை இன்று நாம் அறியும் வடிவில் தந்தவர் இராபர்ட் பர்ன்ஸ். அவர் ஒரு குத்தகை உழவரின் மகன். தாமும் ஏர் பிடித்து உழுதவர். கற்றவர்கள் பேசக் கூச்சப்பட்ட வீட்டு மொழியில் அவர் பாடினார். அவ்வாறு பாடியதால் அவர் பெற்றவற்றையும் இழந்தவற்றையும் இப்பாடத்தில் காண்போம்.

மண்வீடு

பிரிட்டன் தீவின் வடபகுதி ஸ்காட்லாந்து. அதன் தென்மேற்கில், கடலை ஒட்டிய அயர்ஷயர் வட்டாரத்தில் அலோவே என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1759ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் இராபர்ட் பர்ன்ஸ் பிறந்தார். தந்தை வில்லியம், தோட்ட வேலை செய்பவர். ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து பிழைப்புத் தேடித் தெற்கே வந்தவர். தாய் ஆக்னஸ். அவர்களுக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் இராபர்ட்டே மூத்தவர்.

அவர் பிறந்த வீடு களிமண் சுவரும் வைக்கோல் கூரையும் கொண்டது. தந்தை தம் கைகளாலேயே அதனைக் கட்டினார். மனிதர் வாழும் பகுதியும் மாட்டுத் தொழுவமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. குழந்தை பிறந்த சில நாள்களில் பெரும்புயல் வீசிற்று. சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. விடியுமுன் தாயையும் சேயையும் புயலுக்கு நடுவே பக்கத்து வீட்டிற்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. தாம் பிறந்தபோது வந்த இப்புயலைப் பர்ன்ஸ் பின்னாளில் வேடிக்கையாகப் பாடியதுண்டு.

அவ்வீட்டில் பணம் இல்லை. ஆனால் பாட்டும் கதையும் குறைவின்றி இருந்தன. தாய் ஆக்னஸ் அதிகம் படித்தவர் அல்லர். எனினும் தலைமுறை தலைமுறையாக வந்த நாட்டுப்புறப் பாடல்கள் பலவற்றை அவர் அறிந்திருந்தார். வேலை செய்துகொண்டே பாடுவார். தாய்வழி உறவினரான பெட்டி டேவிட்சன் என்னும் மூதாட்டி அவ்வப்போது வந்து தங்குவார். பேய், சூனியக்காரி, மாயக்கோட்டை, பறவைநாகம் முதலியவற்றைப் பற்றி அவர் அறிந்த கதைகளுக்கு அளவே இல்லை. தம் கற்பனைக்கு விதை ஊன்றியவர் அவரே என்று பர்ன்ஸ் ஒரு கடிதத்தில் குறிப்பிடுகிறார். அக்கதைகளைக் கேட்டதன் பயனாக, வளர்ந்த பின்னும் இரவில் தனியே நடக்கும்போது தம் கண்கள் இருட்டை உற்று நோக்கியதாகவும் ஒளிக்காமல் எழுதியுள்ளார்.

ஐந்து வீட்டாரின் ஆசிரியர்

தந்தை வில்லியம், பிள்ளைகளின் கல்வியில் பிடிவாதமானவர். அருகிலிருந்த பள்ளி மூடப்பட்டதும், 1765இல் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் நான்கினைச் சேர்த்துக்கொண்டு ஓர் இளம் ஆசிரியரை அமர்த்தினார். அவர் பெயர் ஜான் மர்டாக், வயது 18. ஐந்து வீட்டாரும் முறைவைத்து அவருக்கு உணவும் உறைவிடமும் அளித்தனர்.

மர்டாக் கற்பித்த முறை உங்களுக்கு வியப்பளிக்கலாம். செய்யுளைத் தந்து அதனை உரைநடையாக மாற்றச் சொல்வார். ஒரு சொல்லுக்கு இணையான வேறு சொற்களைக் கூறச் சொல்வார். விடுபட்ட சொற்களை நிரப்பச் செய்வார். ஆம், இப்பயிற்சி நூலில் நீங்கள் செய்பவையே அவை! இவ்வாறு ஆறு வயதிலிருந்தே பர்ன்ஸ் ஆங்கில இலக்கணத்தைத் தெளிவாகக் கற்றார். இராபர்ட்டின் செவி மந்தமானது, குரலுக்கு இசை வராது, இரு சகோதரருள் தம்பி கில்பர்ட்டே பாவலராக வரக்கூடியவர் என மர்டாக் அக்காலத்தில் கருதினார். பின்னாளில் அவரே இதனை எழுதி வைத்தார். ஆசிரியர்களின் கணிப்பும் சில நேரம் தவறும்.

பள்ளிக்குச் செல்ல இயலாத ஆண்டுகளில் தந்தையே ஆசிரியரானார். வயலில் வேலை செய்யும்போது பெரியவர்களோடு பேசுவதுபோல் அவர் தம் மக்களோடு எல்லாப் பொருள் குறித்தும் உரையாடினார். புவியியல், வானியல் நூல்களை இரவல் வாங்கிவந்து கொடுத்தார். இராபர்ட்டோ வண்டி ஓட்டும்போதும் வேலைக்கு நடந்து செல்லும்போதும் ஒரு பாடல் தொகுதியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக ஆராய்ந்து படித்தார்.

குத்தகையின் சுமை

1766இல் குடும்பம் மவுண்ட் ஆலிபண்ட் என்னும் பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. நிலம் அவர்களுடையது அன்று. நிலவுடைமையாளருக்கு ஆண்டுதோறும் பணம் செலுத்தி உழவேண்டிய குத்தகை நிலம் அது. ஏறத்தாழ 70 ஏக்கர். மிகவும் வளமற்ற மண். கூலியாள் வைத்துக்கொள்ள வழியில்லை. பல ஆண்டுகள் அவ்வீட்டில் இறைச்சி வாங்கியதே இல்லை என்று கில்பர்ட் எழுதியுள்ளார். 13 வயதில் இராபர்ட் கதிரடித்தார். 15 வயதில் பண்ணையின் முதன்மை உழைப்பாளி அவரே. வளரும் உடல் அவ்வுழைப்பைத் தாங்கவில்லை. மாலை நேரங்களில் தலைவலியால் துன்புற்றார். பின்னர் நெஞ்சு படபடப்பும் மூச்சுத்திணறலும் தோன்றின. அவரை 37 வயதில் கொண்டுபோன நோய்க்கு வேர் இங்கேயே இருந்தது எனப் பலர் கருதுவர். குத்தகைப் பணம் கேட்டு முகவரிடமிருந்து வந்த அச்சுறுத்தல் கடிதங்களைக் கண்டு குடும்பமே கண்ணீர் விட்டதைப் பர்ன்ஸ் மறக்கவே இல்லை.

ஆயினும் அவருடைய முதற்பாடல் பிறந்ததும் அந்த வயலிலேதான். அறுவடைக் காலத்தில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் இணையாக வேலைக்கு நிறுத்துவது அவ்வட்டார வழக்கம். 15 வயது இராபர்ட்டுடன் வேலை செய்த சிறுமி இனிமையாகப் பாடுவாள். அவள் பாடிய பாடல் ஒன்று, சிறு நிலக்கிழார் ஒருவரின் மகன் இயற்றியது எனத் தெரியவந்தது. 'அவரால் இயலுமாயின் என்னால் ஏன் இயலாது?' என்னும் எண்ணம் இராபர்ட்டுக்கு எழுந்தது. அவள் விரும்பிய மெட்டிலேயே ஒரு பாடலைக் கட்டினார்.

1777இல் லாக்லி என்னும் வேறொரு பண்ணைக்குச் சென்றனர். அங்கு நிலவுடைமையாளருடன் குத்தகை பற்றி வழக்கு மூண்டது. எடின்பரோ உயர்நீதிமன்றம்வரை சென்ற அவ்வழக்கில் 1784 சனவரியில் தந்தை வென்றார். அதற்குள் செலவு அவரை அழித்துவிட்டது. காசநோய் உடலைத் தின்றுவிட்டது. தீர்ப்பு வந்த மறுமாதமே அவர் மறைந்தார். அப்போது இராபர்ட்டுக்கு 25 வயது. தாயையும் உடன்பிறந்தோரையும் காக்கும் பொறுப்பு அவர்மீதும் கில்பர்ட்மீதும் விழுந்தது. சகோதரர் இருவரும் மாஸ்கீல் என்னும் 118 ஏக்கர் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தனர். முதலாண்டில் தரமற்ற விதையாலும் மறு ஆண்டில் பிந்திய அறுவடையாலும் விளைச்சலில் பாதியை இழந்தனர்.

இரண்டு மொழிகள்

பர்ன்ஸின் பாடல்களைப் பற்றிப் பேசுமுன், அக்காலத்து மொழிநிலையைச் சற்று அறிதல் வேண்டும்.

ஸ்காட்ஸ் மொழியும் ஆங்கிலமும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்த உடன்பிறப்புகள். (ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் பேசப்படும் கேலிக் மொழி வேறு, அது இவற்றோடு நெருங்கிய உறவுடையது அன்று.) ஒருகாலத்தில் ஸ்காட்லாந்தின் அரசவையும் புலவர்களும் ஸ்காட்ஸ் மொழியையே வழங்கினர். 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் இங்கிலாந்துக்கும் மன்னராகி இலண்டனுக்குச் சென்றார். 1707இல் ஸ்காட்லாந்தின் நாடாளுமன்றமும் கலைக்கப்பட்டு இலண்டன் நாடாளுமன்றத்துடன் ஒன்றாயிற்று. பள்ளி, தேவாலயம், நீதிமன்றம், அச்சிட்ட நூல் என எல்லா இடங்களிலும் ஆங்கிலம் உயர்ந்தது. ஸ்காட்ஸ் அடுக்களைக்கும் வயலுக்கும் உரியதாயிற்று.

கற்றோர் தம் பேச்சில் ஸ்காட்ஸ் வாடை வீசுவதை இழிவாகக் கருதினர். டேவிட் ஹியூம் புகழ்பெற்ற மெய்யியல் அறிஞர். அவரே தவிர்க்கவேண்டிய ஸ்காட்ஸ் வழக்குகளின் பட்டியல் ஒன்றைத் தொகுத்தார். 1761இல் அயர்லாந்து நடிகர் தாமஸ் ஷெரிடன் எடின்பரோவுக்கு வந்து, சரியான ஆங்கில உச்சரிப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றியபோது பெரிய மனிதர்கள் கட்டணம் செலுத்திக் கேட்டனர்.

வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி என்னும் நிலை உங்களுக்குப் புதிதன்று. ஆதலால் பர்ன்ஸின் முன் இருந்த வினாவை நீங்கள் எளிதில் உணர்வீர்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. அவருடைய கடிதங்கள் நல்ல ஆங்கிலத்தில் அமைந்தவை. எம்மொழியில் பாடுவது என்பது அவர் தாமே செய்துகொண்ட தேர்வு. அத்தேர்வில் அவருக்கு வழிகாட்டியவர் இராபர்ட் பெர்குசன் என்னும் எடின்பரோ கவிஞர். பெர்குசன் ஸ்காட்ஸ் மொழியில் உயிர்ப்புள்ள கவிதைகளை எழுதி, 1774இல் 24 வயதில் வறுமையில் மறைந்தவர். பாடல் எழுதுவதையே ஏறக்குறைய விட்டிருந்த பர்ன்ஸ், பெர்குசனின் நூலைக் கண்டபின் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

உழவுசாலில் ஒரு சுண்டெலி

1785ஆம் ஆண்டு நவம்பர் மாதம். மாஸ்கீல் வயலில் பர்ன்ஸ் உழுதுகொண்டிருந்தார். அந்நாட்டில் ஏர் இழுப்பவை குதிரைகள். ஒருவர் கலப்பையைப் பிடிக்க, சிறுவன் ஒருவன் குதிரைகளை நடத்திச் செல்வான். கலப்பையின் கொழு ஒரு சுண்டெலியின் கூட்டைப் பெயர்த்துவிட்டது. அஞ்சி ஓடிய எலியைக் கொல்ல, கலப்பையில் ஒட்டும் மண்ணை வழிக்கும் கோலுடன் சிறுவன் பாய்ந்தான். பர்ன்ஸ் அவனைத் தடுத்தார். அதன்பின் நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை என்று அச்சிறுவன் முதுமையில் நினைவுகூர்ந்ததாகக் கூறுவர்.

அன்று மனத்தில் அமைந்ததே 'சுண்டெலிக்கு' என்னும் கவிதை. அதில் கவிஞர் எலியைப் பார்த்துப் பேசுகிறார். மனிதன் இயற்கையோடு கொண்டிருந்த உறவை முறித்துவிட்டதற்காக வருந்துகிறார். பெருங்கதிர்க் கட்டிலிருந்து அது திருடும் ஒரு கதிரால் தமக்கு இழப்பு ஒன்றும் இல்லை என்கிறார். கூடு கட்ட இனிப் புல்லும் இல்லை. குளிர்காலமோ வாயிலில் நிற்கிறது. பாடுபட்டுக் கட்டிய வீட்டை ஒரு நொடியில் இழந்த அவ்வுயிரின் நிலையில் அவர் தம் நிலையைக் காண்கிறார். குத்தகை தவறினால் தம் குடும்பமும் தெருவில் நிற்கவேண்டியதுதானே! எலிக்கு இன்றைய துன்பம் மட்டுமே உண்டு. மனிதனுக்கோ பின்னே பார்த்தால் துயரம், முன்னே பார்த்தால் அச்சம் என அக்கவிதை முடிகிறது.

இக்கவிதை பெரும்பாலும் ஸ்காட்ஸ் மொழியில் அமைந்தது; ஆனால் இடையில் ஓரிடத்தில் மட்டும் ஆங்கிலத்திற்கு மாறுகிறது. எலியோடு கொஞ்சிப் பேசும்போது வீட்டு மொழி. மனித இனத்தின் ஆதிக்கத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசும்போது நூல்மொழி. இரு மொழிகளையும் கையில் வைத்திருந்த ஒருவர், எதனை எங்கே எடுக்கவேண்டும் என்று அறிந்து எடுத்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. அமெரிக்க நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக், 1937இல் வெளியிட்ட தம் நாவலுக்குப் பெயரை இக்கவிதையிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

612 படிகள்

பகலில் ஏரின் பின் நடக்கும்போது அமைத்த அடிகளை, இரவில் கூரைக்கடியில் இருந்த சிறிய அறையில் பர்ன்ஸ் எழுதி வைப்பார். 1786இல் அவருக்குத் துன்பங்கள் பெருகின. பண்ணை நட்டத்தில் ஓடியது. அவர் விரும்பிய ஜீன் ஆர்மர் என்னும் பெண்ணின் தந்தை அவரை ஏற்க மறுத்தார். நாட்டை விட்டே செல்வது என அவர் முடிவு செய்தார். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான ஜமைக்காவில், ஒரு தோட்டத்தில் கணக்கர் வேலைக்கு ஒப்புக்கொண்டார். அத்தோட்டங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளின் உழைப்பால் நடந்தவை. ஒரு சுண்டெலிக்காக இரங்கியவர் அவ்வேலைக்கு உடன்பட்டார் என்பது நம்மை உறுத்துகிறது. ஆயினும் அதனை மறைத்து அவர் வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது.

புறப்படுமுன் தம் கவிதைகளை நூலாக்க எண்ணினார். முன்கூட்டியே பணம் தர இசைந்தோரின் பெயர்களைத் திரட்டி, கில்மார்னாக் நகர அச்சகர் ஜான் வில்சனிடம் கொடுத்தார். 1786 சூலை 31ஆம் நாள் நூல் வெளிவந்தது. அச்சிட்டவை 612 படிகள். விலை மூன்று ஷில்லிங். பெரும்பாலும் ஸ்காட்டிய வழக்கில் அமைந்த கவிதைகள் என்று தலைப்பிலேயே அறிவித்தார். வெளியார்க்கு உதவ, நூலின் இறுதியில் ஒரு சொற்பொருள் பட்டியலையும் சேர்த்தார். ஒரு மாதத்திற்குள் ஏறத்தாழ எல்லாப் படிகளும் தீர்ந்தன. ஏர் ஓட்டும் இளைஞரும் வீட்டு வேலை செய்யும் பெண்களும், உடை வாங்க வைத்திருந்த கூலிப் பணத்தைக் கொடுத்து அந்நூலை வாங்கினர் என்று அக்காலத்து எழுத்தாளர் ஒருவர் குறித்துள்ளார். அவர்கள் பேசும் மொழி அச்சில் ஏறியிருந்தது. அதில் அவர்களுடைய வயலும் சந்தையும் இருந்தன.

நூலால் பர்ன்ஸுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 20 பவுன். எடின்பரோவில் வாழ்ந்த பார்வையற்ற கவிஞர் தாமஸ் பிளாக்லாக், நூலைப் பாராட்டி எழுதிய கடிதம் கைக்கு வந்ததும், கப்பலேறும் எண்ணத்தை விட்டார். அந்நவம்பரில் கடன்வாங்கிய குதிரையில் ஏறி எடின்பரோவுக்குச் சென்றார்.

தலைநகர் அவரைக் கொண்டாடிற்று. எழுத்தாளர் ஹென்றி மெக்கன்சி, வானமே கல்வி புகட்டிய உழவர் என்னும் பொருள்படத் தம் இதழில் புகழ்ந்தார். நல்ல புகழ்ச்சிதான், ஆனால் உண்மையன்று. பர்ன்ஸுக்குக் கல்வி புகட்டியவர் மர்டாக், தந்தை, பாடிய தாய், கதை சொன்ன மூதாட்டி. உழவர் ஒருவர் தாமே கற்றுத் தேர்ந்தார் என்பதை நம்புவதைவிட, வானம் கற்பித்தது என நம்புவது மாளிகைவாசிகளுக்கு எளிதாக இருந்தது போலும்! பேராசிரியர் ஒருவர் வீட்டில் நிகழ்ந்த விருந்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் பர்ன்ஸைக் கண்டான். அவருடைய பெரிய, கருமையான, உணர்ச்சியில் ஒளிரும் கண்களைப் போல வேறு எவர் முகத்திலும் கண்டதில்லை என்று அவன் முதுமையில் எழுதினான். அச்சிறுவனே பின்னாளில் பெரும்புகழ் பெற்ற நாவலாசிரியர் வால்டர் ஸ்காட்.

எடின்பரோவில் இருந்தபோது பர்ன்ஸ் ஒரு செயலைச் செய்தார். தமக்கு வழிகாட்டிய பெர்குசனின் கல்லறை அடையாளக் கல்லும் இன்றிக் கிடப்பதைக் கண்டு, தம் செலவில் கல் நாட்ட ஏற்பாடு செய்தார்.

பாடலுக்கு விலை இல்லை

இலண்டனில் வாழ்ந்த மருத்துவரும் எழுத்தாளருமான ஜான் மூர், ஸ்காட்ஸ் வழக்கை விட்டு ஆங்கிலத்தில் எழுதினால் படிப்போர் பெருகுவர் என்று பர்ன்ஸுக்கு அறிவுரை கூறினார். அன்புடன் கூறிய அறிவுரையே அது. பர்ன்ஸ் ஆங்கிலத்திலும் எழுதிப் பார்த்தார். அவை பிழையற்றவை, ஆனால் பெரும்பாலும் உயிரற்றவை. பின்னாளில் ஒரு கடிதத்தில், ஆங்கிலத்தில் எழுதும்போது தம் எண்ணங்களே வறண்டுவிடுவதாக ஒப்புக்கொண்டார்.

1788இல் ஜீன் ஆர்மரை மணந்து, டம்ஃப்ரீஸ் நகருக்கு அருகில் எலிஸ்லாந்து என்னும் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். அந்நிலமும் கல்லும் கரடுமாக இருந்தது. வேறு வழியின்றி 1789இல் கலால் வரி அலுவலரானார். ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம். வாரத்திற்கு ஏறத்தாழ 200 மைல் குதிரையில் அலையவேண்டும். அதனிடையே அவர் இயற்றிய நெடுங்கதைப் பாடல் 'டாம் ஓ' ஷாண்டர்'. சந்தைக்குச் சென்று நேரம் மறந்து குடித்த உழவர் ஒருவர், புயலிரவில் குதிரையேறி வீடு திரும்புகிறார். வழியில் அலோவேயின் பாழடைந்த தேவாலயத்தில் விளக்கொளி! எட்டிப் பார்த்தால் சூனியக்காரிகள் நடனமாடுகின்றனர். வாய் தவறி அவர் கூவிவிட, அவர்கள் துரத்துகின்றனர். ஓடும் நீரைத் தாண்டும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை என்பது அந்நாட்டு நம்பிக்கை. பாலத்தின் நடுவை அடைந்தால் பிழைக்கலாம். அவர் பிழைத்துக்கொண்டார், குதிரையின் வால் மட்டும் ஒரு சூனியக்காரியின் கையில் சிக்கிக்கொண்டது. பெட்டி டேவிட்சன் சொன்ன கதைகளின் வாடையை இதில் உணரலாம். அத்தேவாலயத்தின் முற்றத்திலேதான் பர்ன்ஸின் தந்தை அடக்கம் செய்யப்பட்டிருந்தார்.

எனினும் அவருடைய இறுதிப் பத்தாண்டுகளை ஆட்கொண்டவை பாடல்களே. ஜேம்ஸ் ஜான்சன் என்னும் செதுக்குக் கலைஞர் ஸ்காட்லாந்தின் பாடல்களை மெட்டுடன் தொகுத்து வெளியிட்டுவந்தார். ஆறு தொகுதிகள், 600 பாடல்கள். அவற்றுள் ஏறத்தாழ 200 பர்ன்ஸ் தந்தவை. ஊர் ஊராகச் செல்லும்போது முதியோர் பாடுவதைக் கேட்டு எழுதிக்கொண்டார். மெட்டு மட்டும் எஞ்சி, சொல் அழிந்துபோன பாடலுக்குச் சொல் தந்தார். ஓரடி மட்டும் கிடைத்தால் அதனைக் கொண்டே முழுப்பாடலை எழுப்பினார். மெட்டைத் தாமே முணுமுணுத்துப் பழகாமல் தமக்கு ஒரு சொல்லும் வராது என்பார். செவி மந்தம் என்று மர்டாக் கருதிய அதே சிறுவர்தாம்! ஜீன் இனிய குரலுடையவர்; அவரும் பாடிக் காட்டுவார்.

'ஆல்டு லாங் சைன்' இவ்வாறு கிடைத்ததே. முதியவர் ஒருவர் பாடக் கேட்டு எழுதியதாகப் பர்ன்ஸ் கூறினார். அதில் பழையது எவ்வளவு, பர்ன்ஸ் சேர்த்தது எவ்வளவு என்று பிரிக்க இயலாது. அவரும் தம் பெயரை முன்னிறுத்தவில்லை. அவர் மறைந்த பின்னரே அப்பாடல் ஜான்சனின் தொகுதியில் வெளியாயிற்று. இன்று பாடும் மெட்டு 1799இல் ஜார்ஜ் தாம்சன் என்னும் வேறொரு பதிப்பாளர் இணைத்தது.

அந்தத் தாம்சன் பாடல்களுக்குப் பணம் தர முன்வந்தபோது பர்ன்ஸ் மறுத்தார். அனுப்பிய ஐந்து பவுனுக்காகக் கடிந்தும் எழுதினார். தம் மக்களின் பாடல்களைக் காப்பதற்குக் கூலி பெறுவது அவருக்கு இழிவாகப்பட்டது. ஆனால் 1796 சூலையில் அவர் நோயுற்றுப் படுத்தார். சீருடைத் துணிக்காகக் கடைக்காரருக்குத் தரவேண்டிய சிறு தொகைக்கு வழக்கு வரும், சிறைக்குச் செல்ல நேரும் என்னும் அச்சம் அவரை வாட்டிற்று. சூலை 12ஆம் நாள், அதே தாம்சனுக்குக் கடிதம் எழுதி ஐந்து பவுன் வேண்டினார். அதனை இலவசமாகக் கேட்கவில்லை. உடல் தேறியதும் அத்தொகைக்கு ஈடான பாடல்களைத் தருவதாக உறுதி கூறினார். தாம்சன் பணத்தை உடனே அனுப்பினார். சூலை 21ஆம் நாள் பர்ன்ஸ் மறைந்தார். 25ஆம் நாள் டம்ஃப்ரீஸ் நகரில் இறுதி ஊர்வலம் சென்றுகொண்டிருந்த அன்றே ஜீனுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது.

பின்னர்

இன்றும் சனவரி 25ஆம் நாள் இரவில் ஸ்காட்லாந்து மக்கள், எந்நாட்டில் வாழ்ந்தாலும், ஒன்றுகூடி உண்டு அவருடைய கவிதைகளைப் படிக்கின்றனர். ரஷ்ய மொழியில் சாமுவேல் மர்ஷாக் செய்த மொழிபெயர்ப்புகள் அங்கு வீடுதோறும் பரவின.

1707இல் கலைக்கப்பட்ட ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், 1999 சூலை முதல் நாள் எடின்பரோவில் மீண்டும் தொடங்கிவைக்கப்பட்டது. அரசியார் வந்திருந்தார். அவ்விழாவில் நாட்டுப்புறப் பாடகி ஷீனா வெலிங்டன், இசைக்கருவி ஏதுமின்றித் தனித்து எழுந்து பர்ன்ஸின் பாடல் ஒன்றைப் பாடினார். பட்டமும் பதவியும் வெறும் முத்திரை, நேர்மையான ஏழையே மேலான மனிதன் என்னும் கருத்துடைய பாடல் அது. ஸ்காட்ஸ் மொழியில் அமைந்தது. இறுதிக் கண்ணியை அவர் தொடங்கியபோது, உறுப்பினர்களும் எழுந்து உடன் பாடினர்.